விட்டது யார்?

'கிவ் அப்' என்னும் ஆங்கில வினைச்சொல் பற்றிச் சில சிந்தனைகள்

ஆங்கிலத்தில் நீண்ட நீண்ட சொற்களையெல்லாம் மனனம் செய்து ஒப்புவிக்கும் பிள்ளைகள், இரண்டு சிறு சொற்கள் கைகோத்து வரும் இடத்தில் திகைத்து நின்றுவிடுகின்றனர். 'கிவ்' என்றால் கொடு. 'அப்' என்றால் மேலே. முதல் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள் இவை. ஆயின் இரண்டும் சேர்ந்து 'கிவ் அப்' என்றாகிவிட்டால், 'மேலே கொடு' என்ற பொருள் வருவதில்லை. விட்டுவிடுதல் என்ற புதியதொரு பொருள் அங்கே பிறந்துவிடுகிறது.

இது பள்ளிப் பிள்ளைகளின் கவலை மட்டும்தானே என்று பெரியவர்கள் எண்ணிவிட வேண்டாம். இன்று ஆங்கிலம் நம் இல்லங்களுக்குள் பல வாயில்கள் வழியே வருகின்றது. மருத்துவர் தரும் அறிவுரைத் தாளில் வருகின்றது. வளைகுடா நாட்டுக் கம்பெனி கையொப்பம் கேட்டு நீட்டும் காகிதத்தில் வருகின்றது. மகளின் வேலை விண்ணப்பத்தில் வருகின்றது. அங்கெல்லாம் ஒரு சொல்லைப் பிழையாக விளங்கிக் கொண்டால் இழப்பு மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. ஆகவே, 'கிவ் அப்' என்னும் இந்த ஒரு சொல்லையே எடுத்துக்கொண்டு, அதன் பொருளையும் அன்றாட வழக்கையும் சற்று விரிவாகக் காண்போம்.

நமக்குப் பழகிய பாதைதான்

ஒரு வினைச்சொல்லுடன் சிறு சொல்லொன்று சேர்ந்து பொருளை மாற்றிவிடும் இத்தகைய அமைப்பை ஆங்கிலேயர் 'ஃபிரேசல் வெர்ப்' என்கின்றனர். தமிழில் கூட்டுவினை என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஆங்கிலப் பெயர் பரவலானதற்குக் காரணம், லோகன் பியர்சல் ஸ்மித் என்பவர் 1925-ஆம் ஆண்டு வெளியிட்ட 'வேர்ட்ஸ் அண்ட் இடியம்ஸ்' என்ற நூல். பெயர்தான் புதிது; வழக்கு மிகப் பழையது. 1755-ஆம் ஆண்டிலேயே தம் புகழ்பெற்ற அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன், பிறமொழியாளர்களுக்கு ஆங்கிலத்தில் மிகுந்த இடர் தருவன இத்தகைய சொற்களே என்று எடுத்துரைத்துள்ளார். எனவே, நம் பிள்ளைகள் இவ்விடத்தில் தடுமாறினால் அது அவர்களின் அறிவுக் குறைவு ஆகாது.

அரபி மொழியை ஓரளவேனும் ஓதியவர்களுக்கு இது புதுமையாகவும் தோன்றாது. நம் இல்லங்களில் அன்றாடம் புழங்கும் 'துஆ' என்ற சொல்லின் வினைவடிவம் 'தஆ'. அதனுடன் 'லி' என்ற சிறு சொல் சேர்ந்து 'தஆ லஹு' என்றால், அவருக்காக நன்மை வேண்டினார் என்று பொருள். அதே வினையுடன் 'அலா' சேர்ந்து 'தஆ அலைஹி' என்றால், அவருக்கு எதிராக வேண்டினார், அதாவது சபித்தார் என்று பொருள். வினை ஒன்றே, உடன் வரும் சிறு சொல் வாழ்த்தைச் சாபமாக மாற்றிவிடுகின்றது. 'ரகிப ஃபீ' என்றால் விரும்பினார்; 'ரகிப அன்' என்றால் வெறுத்து ஒதுக்கினார். மதரசாவில் இதனைப் பிழையின்றிக் கற்கும் மாணவன், பள்ளியில் 'கிவ் அப்' என்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

தமிழிலும் இவ்வழக்கம் உண்டு. கைகொடு என்றால் உதவி செய். கைவிடு என்றால் ஆதரவின்றித் தவிக்கவிடு. 'காட்டிக்கொடு' என்ற சொல்லைப் பாருங்கள். காட்டுவதும் நல்ல செயல், கொடுப்பதும் நல்ல செயல். இரண்டும் சேர்ந்தால் துரோகம். ஆங்கிலத்திலும் 'கிவ்' என்பதுடன் 'அவே' சேர்ந்தால் இதே பொருள் ஒரு சில இடங்களில் வருகின்றது என்பது வியப்புக்குரியது.

'அப்' செய்யும் வேலை

'மேலே' என்ற பொருளுடைய 'அப்' இங்கே என்ன வேலை செய்கின்றது? 'ஈட்' என்றால் சாப்பிடு. 'ஈட் அப்' என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. 'டிரிங்க் அப்' என்றால் முழுவதும் குடித்துவிடு. 'யூஸ் அப்' என்றால் பயன்படுத்தித் தீர்த்துவிடு. இவற்றிலெல்லாம் 'அப்' என்பது செயல் முற்றுப்பெற்றதைக் காட்டுகின்றது. தமிழில் 'சாப்பிட்டுவிடு', 'குடித்துவிடு' என்னும்போது கடைசியில் வரும் 'விடு' எந்த வேலையைச் செய்கின்றதோ, ஏறத்தாழ அதே வேலைதான் இது. ஆகவே, 'கிவ் அப்' என்பதற்கு நம் மொழியில் நேரான சொல் 'விட்டுவிடு' என்பதே. பிடித்திருந்த ஒன்றை முழுமையாகக் கையிலிருந்து விடுதல். இந்தக் கருத்தை மனத்தில் ஊன்றிக்கொண்டால் மற்றப் பொருள்கள் யாவும் இதிலிருந்தே கிளைத்து வருவதைக் காணலாம்.

அன்றாட வழக்கில்

முதலாவது, பழக்கத்தை விடுதல். 'ஹி கேவ் அப் ஸ்மோக்கிங்' என்றால், அவர் புகைபிடிப்பதை விட்டுவிட்டார். வெற்றிலைப் பாக்கு, புகையிலை, சர்க்கரை என எதை விட்டாலும் இச்சொல்லைப் பயன்படுத்தலாம். தமிழில் இதற்கு 'விட்டொழித்தல்' என்ற அழகிய சொல் உண்டு. நோன்பு மாதத்தில் பகல் முழுவதும் பீடியைத் தொடாத ஒருவர் மாலையில் பற்றவைத்தால், அவர் அதனை விட்டுவிட்டார் என்று சொல்ல முடியாது. தள்ளிவைத்தார் என்றே சொல்ல வேண்டும். பெருநாளுக்குப் பின்னும் தொடாதிருந்தால் அப்போது 'கேவ் அப்' என்று சொல்லலாம்.

இரண்டாவது, முயற்சியை விடுதல். விடுகதை போடும் பிள்ளை, எதிரில் இருப்பவர் விழிப்பதைக் கண்டு 'டூ யூ கிவ் அப்?' என்று கேட்கும். 'தோல்வியை ஒப்புக்கொள்கிறாயா?' என்று பொருள். சோர்ந்திருப்பவரைத் தேற்றும்போது 'டோன்ட் கிவ் அப்' என்பர். 'மனம் தளராதே, முயற்சியைக் கைவிடாதே' என்று பொருள்.

மூன்றாவது, இடத்தையோ பொருளையோ பிறருக்காக விடுதல். பேருந்தில் முதியவருக்கு எழுந்து இடம் தரும் இளைஞன் 'கேவ் அப் ஹிஸ் சீட்'. இதற்குத் தமிழில் 'விட்டுக்கொடுத்தல்' என்கிறோம்.

நான்காவது, தன்னையே ஒப்படைத்தல். 'ஹி கேவ் ஹிம்செல்ஃப் அப்' என்றால், தேடப்பட்டவர் தாமே சென்று காவல்துறையிடம் சரணடைந்தார்.

ஐந்தாவது, நம்பிக்கையை விடுதல். 'த டாக்டர்ஸ் ஹேட் கிவன் ஹிம் அப்' என்றால், மருத்துவர்களும் அவரைக் கைவிட்டிருந்தனர். பிழைப்பார் என்ற நம்பிக்கை இல்லாதிருந்தது.

விட்டொழித்தல், கைவிடுதல், விட்டுக்கொடுத்தல், சரணடைதல் என்று தமிழில் தனித்தனியே நிற்கும் சொற்கள் அனைத்துக்கும் ஆங்கிலத்தில் இந்த ஒரு சொல்லே போதுமானதாக இருப்பதைக் கவனியுங்கள். தமிழில் சொல்லைக் கேட்ட மாத்திரத்திலேயே அது நல்லதா கெட்டதா என்று ஓரளவு தெரிந்துவிடும். ஆங்கிலத்திலோ, எதை விட்டார் என்று பார்த்த பிறகே தெரியும். காசநோய்க்கு மருந்து உண்ணும் ஒருவரிடம் மருத்துவர், 'கிவ் அப் ஸ்மோக்கிங்' என்றும் சொல்வார். 'டோன்ட் கிவ் அப் த ட்ரீட்மென்ட்' என்றும் சொல்வார். புகையை விட்டால் நலம். மருந்தை விட்டால் கேடு. இந்நோய்க்குப் பொதுவாக ஆறு மாதங்கள் தொடர்ந்து மருந்துண்ண வேண்டும். இரண்டே மாதத்தில் இருமல் நின்றுவிட்டதென்று நிறுத்திவிட்டால், எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறக்கூடும். எனவே, இச்சொல்லை எங்கே கண்டாலும், அடுத்து வரும் சொல்லையும் 'டோன்ட்' முன்னால் இருக்கிறதா என்பதையும் சேர்த்தே படிக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

இரண்டு இலக்கணக் குறிப்புகள்

தேர்வு எழுதுவோர் இரண்டு செய்திகளை நினைவில் வைத்தால் போதும்.

ஒன்று: 'கிவ் அப்' என்பதற்குப் பின் மற்றொரு வினை வந்தால் அது 'இங்' விகுதி பெற்றே வரும். 'கிவ் அப் ஸ்மோக்கிங்' என்பது சரி. 'கிவ் அப் டு ஸ்மோக்' என்பது பிழை.

இரண்டு: 'இட்', 'தெம்' போன்ற சுட்டுப் பெயர்கள் நடுவில்தான் உட்காரும். 'கிவ் இட் அப்' என்பது சரி. 'கிவ் அப் இட்' என்பது பிழை. இதற்கு நாடே அறிந்த எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. வசதி படைத்தோர் சமையல் எரிவாயு மானியத்தைத் தாமாகவே விட்டுக்கொடுக்க வேண்டும் என்று மத்திய அரசு 2015-ஆம் ஆண்டு ஓர் இயக்கம் தொடங்கியது. அதன் பெயரே 'கிவ் இட் அப்'. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மானியத்தை விட்டுக்கொடுத்தனர். அந்தப் பெயரை நினைவில் நிறுத்தினால் இந்த விதி ஒருபோதும் மறக்காது.

மனமுவந்து விட்டாரா?

இனி, இச்சொல்லின் உயிர்நாடியான செய்திக்கு வருவோம். 'ஷி கேவ் இட் அப்' என்று சொன்னால், விட்ட செயல் அவருடையது. அவர் அறிந்து, தாமே விட்டார் என்பதே கேட்போர் கொள்ளும் பொருள். கட்டாயத்தால் விட நேர்ந்திருந்தால், 'ஹேட் டு கிவ் அப்' என்றோ 'வாஸ் ஃபோர்ஸ்டு டு கிவ் அப்' என்றோ கூடுதலாகச் சொல்ல வேண்டும். பிறர் பறித்துக்கொண்டிருந்தால், 'கிவ் அப்' அங்கே வரவே கூடாது. 'டேக்கன் அவே' என்றுதான் வரவேண்டும். நெருக்குதலுக்குப் பணிந்து இசைந்திருந்தால் அதற்குரிய சொல் 'கிவ் இன்'. 'அப்', 'இன்' என்ற இரண்டு எழுத்துச் சொற்களுக்கு இடையே எத்தனை வேறுபாடு என்பதை வரலாற்றிலிருந்து இரு நிகழ்ச்சிகளால் விளக்கலாம்.

1936-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இங்கிலாந்து மன்னர் எட்டாம் எட்வர்டு, தாம் மணக்க விரும்பிய பெண்மணியை அரசராக இருந்துகொண்டு மணக்க இயலாது என்ற நிலையில் அரியணையைத் துறந்தார். ஆங்கிலேயர் இதனை 'ஹி கேவ் அப் த த்ரோன்' என்பர். எதை இழக்கிறோம் என்று அறிந்து, தாமே கையொப்பமிட்டு விட்டார்.

முஹம்மது அலீயின் வரலாறு வேறு. 1964-ஆம் ஆண்டு குத்துச்சண்டையில் உலக ஹெவிவெயிட் பட்டம் வென்றவர் அவர். 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டன் நகரில் ராணுவச் சேர்க்கைக்காக அவருடைய பெயர் அழைக்கப்பட்டது. வியட்நாம் போரில் சேருவது தம் மார்க்க நம்பிக்கைக்கு உகந்ததன்று என்ற நிலையில் நின்ற அவர், முன்வர மறுத்துவிட்டார். பட்டம் பறிக்கப்பட்டது. ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு செய்திருந்தமையால் சிறை செல்லவில்லை எனினும், மூன்றரை ஆண்டுகள் அவரால் களம் இறங்க இயலவில்லை. 1971 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம் அத்தண்டனையை ரத்து செய்தது. 1974 அக்டோபரில் கின்ஷாசா நகரில் ஜார்ஜ் ஃபோர்மேனை எட்டாம் சுற்றில் வீழ்த்தி, இழந்த பட்டத்தை மீண்டும் பெற்றார்.

இதை ஆங்கிலத்தில் எழுதப் பணித்தால், 'அலீ கேவ் அப் ஹிஸ் டைட்டில்' என்று ஒரு மாணவன் எழுதக்கூடும். இலக்கணத்தில் பிழை இல்லை, உண்மையில்தான் பிழை. அவர் பட்டத்தை விடவில்லை, அது பறிக்கப்பட்டது. 'ஹிஸ் டைட்டில் வாஸ் டேக்கன் அவே' என்பதே உண்மை. அவர் பணியவும் இல்லை: 'ஹி டிட் நாட் கிவ் இன்'. தம் நம்பிக்கையைக் கைவிடவும் இல்லை: 'ஹி டிட் நாட் கிவ் அப் ஹிஸ் ஃபெய்த்'. ஒரு மனிதரின் வாழ்வை மூன்று கூட்டுவினைகளில் சொல்லிவிட முடிகின்றது.

இல்லத்துக்குள் இச்சொல்

அமெரிக்கக் குத்துச்சண்டை வீரருக்குப் பொருந்தும் இந்த இலக்கணம் நம் வீட்டுப் பெண்மக்களுக்கும் பொருந்தும் என்பதைச் சற்றே சிந்தியுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன பெண்ணொருத்தி, சில ஆண்டுகளுக்குப் பின் அஞ்சல் வழியில் பட்டம் பெற்று வேலைக்கு விண்ணப்பிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம. இடைப்பட்ட ஆண்டுகள் குறித்துக் கேட்கும் இடத்தில் 'ஐ கேவ் அப் மை ஸ்டடீஸ்' என்று எழுதினால், படிப்பில் விருப்பமின்றித் தானே விட்டுவிட்டாள் என்று படிப்பவர் எண்ண இடமுண்டு. வாப்பாவுக்கு உடல்நலமில்லை, வீட்டில் வருவாய் இல்லை என்பது காரணமாயிருந்தால், 'ஐ ஹேட் டு கிவ் அப் மை ஸ்டடீஸ்' என்று எழுத வேண்டும். 'ஹேட் டு' என்ற இரண்டு சிறு சொற்கள் அவளுடைய மானத்தைக் காக்கின்றன.

இதனினும் கனமானது சொத்துரிமை. பெற்றோர் மறைந்தபின் மகளுக்குரிய பங்கு மார்க்கத்தில் வரையறுக்கப்பட்ட உரிமை என்பதை நாம் அறிவோம். அப்பங்கை உடன்பிறந்தாருக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் ஆவணத்தை விடுதலைப் பத்திரம் என்கின்றனர். சார்பதிவாளர் அலுவலகத்தில் அது பதிவாகின்றது. ஆங்கிலத்தில் 'ரிலீஸ் டீட்' என்பர். இத்தகைய ஆவணங்களில் 'ரிலிங்க்விஷ்', 'சரண்டர்', 'வெய்வ்', 'ரினௌன்ஸ்' போன்ற கனத்த சொற்கள் வரும். அச்சம் வேண்டாம். உரிமையைக் குறித்து வரும்போது இவை நான்கும் வெளியே உடுத்திச் செல்லும் உடைகள். வீட்டு உடையில் அவற்றின் பெயர் 'கிவ் அப்' என்பதே. இச்சொற்களில் ஒன்றைக் கண்டால், கையொப்பமிடுபவர் ஏதோ ஓர் உரிமையை விடுகிறார் என்று பொருள். வளைகுடாவில் கணக்கு முடித்துத் தாயகம் திரும்பும் சகோதரர்களும், கடைசி நாளில் நீட்டப்படும் தாளில் இச்சொற்கள் உள்ளனவா என்று பார்த்து, எதை விடுகிறோம் என்று கேட்டறிந்த பின்னரே கையொப்பமிட வேண்டும்.

'தங்கச்சி தன் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டாள்' என்று நம் ஊர்களில் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். பங்கின் மதிப்பை அறிந்து, யாருடைய நெருக்குதலும் இன்றி, மனமுவந்து அவள் எழுதிக் கொடுத்திருந்தால் 'ஷி கேவ் அப் ஹெர் ஷேர்' என்று சொல்லலாம். அது அவளுடைய பெருந்தன்மை. 'கேட்டால் தாய்வீட்டு வாசல் அடைந்துவிடுமே' என்ற அச்சத்தால் இசைந்திருந்தால் அது 'ஷி கேவ் இன்'. என்ன தாள் என்றே சொல்லாமல் கையொப்பம் வாங்கியிருந்தால் அது 'இட் வாஸ் டேக்கன் அவே ஃப்ரம் ஹெர்'. பத்திரத்தின் வாசகம் மூன்றிலும் ஒன்றாகவே இருக்கும். எது உண்மை என்பது கையொப்பமிட்டவளுக்கும், வாங்கியவருக்கும், இருவரையும் படைத்தவனுக்கும் தெரியும்.

ஒரே ஒரு 'ஆன்'

இறுதியாக ஒரு நுட்பம். 'கிவ் அப்' என்பதுடன் 'ஆன்' சேர்ந்து, பின்னால் ஒரு மனிதரின் பெயர் வந்தால், அவரிடம் வைத்த நம்பிக்கையை விட்டுவிடுதல் என்று பொருள். 'த டீச்சர் கேவ் அப் ஆன் ஹிம்' என்றால், இவன் இனித் தேறமாட்டான் என்று ஆசிரியர் முடிவு கட்டிவிட்டார். பையன் தன் முயற்சியை விட்டானா என்பது இங்கே பேச்சில்லை. அவன் இன்னும் முயன்றுகொண்டே இருக்கலாம். விட்டவர் மற்றவர். இச்சொல்லின் துயரம் அதில்தான் உள்ளது.

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் ஒரு முறை தவறிய மகனை, 'இவனுக்குப் படிப்பு வராது' என்று உறவினர் முன்னிலையில் சொல்லும் தந்தையைப் பார்க்கின்றோம். வீட்டில் முதன்முதலாக ஆங்கிலம் படிக்கும் பிள்ளைக்கு அது எளிய பாடம் அன்று. துணைத்தேர்வு உண்டு, அடுத்த ஆண்டும் உண்டு. அவன் 'ஐ ஷல் நாட் கிவ் அப்' என்று சொல்லத் துணிவு கொள்ள வேண்டுமானால், பெற்றோர் அவனை 'கிவ் அப் ஆன்' செய்யாதிருக்க வேண்டும்.

இம்மாதம் பிள்ளைகளுக்கு ஒரு சிறு பயிற்சி தாருங்கள். செய்தித்தாளில் இருந்தோ பாடநூலில் இருந்தோ 'கிவ் அப்' வரும் ஐந்து வாக்கியங்களை எடுத்து எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விடைகள் எழுதட்டும்: எதை விட்டார்? யாருக்காக விட்டார்? தாமாக விட்டாரா, விடவைக்கப்பட்டாரா? பிறகு, விட்டொழித்தல், கைவிடுதல், விட்டுக்கொடுத்தல் ஆகிய மூன்றில் எந்தத் தமிழ்ச் சொல் அங்கே பொருந்தும் என்று உம்மாவும் வாப்பாவும் உடன் அமர்ந்து பேசுங்கள். ஆங்கிலம் அறியாத உம்மாவும் இதில் முழுமையாகப் பங்கு கொள்ளலாம். எதை விடவேண்டும், எதை விடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தர அவரைக் காட்டிலும் தகுதியான ஆசிரியர் வீட்டில் வேறு யார்?